பழைய பேட்டரி நமக்கா? ஒரு தோழரின் கேள்வியும் எங்கள் பதிலும்

போன ஆடி மாதம் எங்கள் மாலை வகுப்பில் ஒரு சண்டை நடந்தது. கைகலப்பு இல்லை, வாய்ச்சண்டைதான். ஆனால் அதன் சூடு இன்னும் ஆறவில்லை. செங்கல்பட்டில் ஒரு காயலான் கடையில் எடைக்குக் கிடந்த 150 ஆம்பியர்-ஹவர் இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றை டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினோம். சோலார் பேனலோடு இணைத்து, கரன்ட் இல்லாத ஒரு குடிசைக்கு விளக்குப் போடுவது திட்டம். இறக்கி வைத்து மூச்சு வாங்கும் முன்னே, சட்டக் கல்லூரியில் படிக்கும் தோழர் ஒருவர் கேட்டார்:

"ஊர்க்காரன் வேணாம்னு கழிச்சுப் போட்டதை நம்ம வீட்டுல கொண்டாந்து வெச்சா அதுக்குப் பேரு சோலாரா? பழைய சோறு, பழைய துணி, இப்போ பழைய பேட்டரியா?"

அன்று யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. விளையாட்டாகக் கேட்ட கேள்வியும் இல்லை அது. மிச்சச் சோறு, கந்தல் துணி, பதர் தானியம், பழைய தட்டுமுட்டுச் சாமான் ஆகியவற்றைச் சூத்திர வேலையாளுக்குக் கொடு என்று மனுதர்மத்தின் பத்தாம் அத்தியாயம் சொல்கிறது. அதே அத்தியாயம் சண்டாளருக்குப் பிணத்தின் துணியையும் உடைந்த பாத்திரத்தையும் ஒதுக்குகிறது. 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் உரிமையைப் பற்றி மட்டும் பேசவில்லை. செத்த மாட்டுக் கறியை விடுங்கள், வீசியெறியும் மிச்சத்தைக் கையேந்தி வாங்காதீர்கள் என்றும் சொன்னார். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று அதே மகாதில் மனுதர்மம் எரிக்கப்பட்டது. அந்த மரபில் வந்த நாம், அடுத்தவர் கழித்த பொருளை வாங்குவதைப் பெருமையாகப் பேச முடியுமா?

ஐந்து மாதம் ஆகிவிட்டது. பேட்டரியை அளந்து பார்த்தோம், மாட்டினோம், ஒரு மழைக்காலமும் போயிற்று. இப்போது பதில் எழுதலாம் என்று தோன்றுகிறது. எங்கள் குழுவில் எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

எங்களை இந்த வேலையில் இறக்கியது மாண்டஸ் புயல். 2022 டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை இரவு மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. புயல் வருவதற்கு முன்பே கரன்ட்டை நிறுத்தியது சரி, கம்பி அறுந்து விழுந்தால் உயிர் போகும். கேள்வி, திரும்ப எப்போது வந்தது என்பதுதான். ஊர்த்தெருவில் விளக்கு எரிவதைக் காலனியில் இருட்டில் உட்கார்ந்து பார்த்த இரவுகள் எங்களுக்கு உண்டு. ஒவ்வொரு புயலுக்கும் இதுதான் வரிசை. டிரான்ஸ்பார்மர் ஊரில் இருக்கும், காலனிக்கு வரும் லைன் வால் நுனியில் தொங்கும். மரம் விழுந்தால் முதலில் அறுவது அது, கடைசியில் சரியாவதும் அது. காலனிக்கும் அப்பால், ஏரிக்கரையில் இருக்கும் இருளர் குடிசைகளுக்கு அந்த வால் நுனிகூடக் கிடையாது. புயல் வந்த நாளும் வராத நாளும் அவர்களுக்கு ஒன்றுதான்.

இத்தனைக்கும் நாம் வாழும் கரை எப்படிப்பட்டது என்று பாருங்கள். தெற்கே கல்பாக்கம். அங்கே அணுமின் நிலையம் 1984 முதல் ஓடுகிறது, தலா 220 மெகாவாட் திறனில் இரண்டு உலைகள். வடக்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, நாள் முழுக்க மின்சாரம் குடிக்கும் இயந்திரம். இடையில் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக விடிய விடிய விளக்கெரியும் ரிசார்ட்டுகள். இந்தக் கரையில் மின்சாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தப் புயலுக்குப் பிறகு நாங்கள் வீடு வீடாகப் போனபோது கண்ணில் பட்டது இன்னொன்று: பசுமை வீடுகளின் கூரையில் இருந்த பேனல்கள். 2011-12இல் தமிழக அரசு தொடங்கிய சூரிய சக்தி பசுமை வீடு திட்டம் பலருக்கு நினைவிருக்கும். 300 சதுர அடி வீடு. ஒரு வீட்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய், அதில் 30 ஆயிரம் சோலார் விளக்குகளுக்கு. ஐந்து விளக்கு. பட்டியல் சாதியினருக்கு 29 சதவீத ஒதுக்கீடு. நல்ல திட்டம்தான், அதனால் கான்கிரீட் கூரை கண்ட குடும்பங்கள் ஏராளம். ஆனால் நாங்கள் ஏறிப் பார்த்த கூரைகளில் பேனல் அப்படியே இருந்தது, விளக்கு எரியவில்லை. காரணம் எளிது. பேனல் இருபது, இருபத்தைந்து வருடம் உழைக்கும். பேட்டரி நாலைந்து வருடத்தில் போய்விடும். பேட்டரி போனதும் "சோலார் ரிப்பேர்" என்று மொத்தத்தையும் விட்டுவிட்டார்கள். எது கெட்டது, எது நல்லாயிருக்கிறது என்று பார்க்க யாருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. ரிப்பன் வெட்டும் நாளுக்கு அதிகாரிகள் வந்தார்கள். ஐந்தாம் வருடம் ஒரு மல்டிமீட்டரோடு வர ஆள் இல்லை.

ஒரு வீட்டில் அந்தப் பேனலைக் கேட்டோம். "எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி, துணி காயப் போட இடைஞ்சலா இருக்குது" என்றார் அந்த அக்கா. விலை பேசி, எழுதி வாங்கிக்கொண்டு இறக்கினோம். லேபிள் வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியவில்லை. நல்ல மதிய வெயிலில் தெற்குப் பார்த்துச் சாய்த்து வைத்து மீட்டரில் பார்த்தால், எதிலும் இணைக்காத நிலையில் 20 வோல்ட். பிறகு மீட்டரை 10 ஆம்பியர் அளவுக்கு மாற்றி இரண்டு வயரையும் மீட்டர் வழியாகச் சேர்த்தால் 2.2 ஆம்பியர். பத்து வருடமாகச் செத்துவிட்டது என்று நினைத்த பேனல் உயிரோடு இருந்தது. (இங்கே ஒரு எச்சரிக்கை: ஆம்பியர் சோதனை பேனலுக்கு மட்டும். அதே நிலையில் மீட்டரைப் பேட்டரி டெர்மினலில் வைத்தால் மீட்டர் வெடிக்கும், கையும் வேகும்.)

அடுத்தது பேட்டரி. கார், பைக் பேட்டரிகள் காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கின்றன என்று பலர் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். வேண்டாம். அவை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய ஒரு நொடி பெரிய கரன்ட் கொடுப்பதற்காக மெல்லிய தகடுகளோடு செய்யப்பட்டவை. இரவெல்லாம் விளக்கெரித்துக் காலி செய்தால் சில மாதங்களில் சாகும். நமக்கு ஏற்றது இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் பேட்டரி. மெதுவாகக் காலியாகி மெதுவாக நிரம்புவதற்காகவே செய்தது. யுபிஎஸ்ஸில் வரும் சின்ன 7 ஆம்பியர்-ஹவர் சீல்டு பேட்டரிகள் அளந்து பழக நல்லவை, வீட்டுக்குப் போட லாயக்கில்லை. கழித்து வெளியே வரும்போது பெரும்பாலும் உள்ளே வறண்டிருக்கும்.

ஒருவர் வீட்டில் டியூபுலர் பேட்டரியை ஏன் கழிக்கிறார்கள்? முன்பு நாலு மணி நேரம் ஃபேனும் லைட்டும் டிவியும் ஓடியது, இப்போது முக்கால் மணியில் நின்றுவிடுகிறது. உள்ளே ஈயத் தகட்டின் மேல் சல்பேட் படிவு கெட்டியாகிவிட்டது, பாதித் தகடு வேலை செய்யவில்லை. அந்த வீட்டுக்கு அது செத்த பேட்டரி. ஆனால் 12 வோல்ட்டில் ஓடும் 5 வாட் எல்இடி விளக்கு கேட்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. ஃபேனைச் சுமக்க முடியாத பேட்டரி இதைச் சுமக்கும். இந்த வேலையின் சூட்சுமம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

எவ்வளவு சுமக்கும் என்பதைக் கடைக்காரர் சொல்லக்கூடாது, நாம் அளக்க வேண்டும். நாங்கள் செய்தது இது. முழுதாக சார்ஜ் ஏற்றி, ஒரு இரவு எதிலும் இணைக்காமல் சும்மா விட்டோம். காலையில் 12.5 வோல்ட் காட்டியது. புதிய பேட்டரி 12.7ஐ ஒட்டிக் காட்டும். ஒரு பேட்டரிக்குள் ஆறு அறைகள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். ஓய்வுக்குப் பிறகு 10.5 காட்டினால் ஒரு அறை செத்தது என்று பொருள், அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். மூடிகளைத் திறந்து ஹைட்ரோமீட்டரால் ஆறு அறைகளையும் பார்த்தோம். எண்கள் ஒன்றுக்கொன்று ஓரளவு பக்கத்தில் இருந்தன. ஒரு அறை மட்டும் 0.050க்கு மேல் விலகியிருந்தால் அதுவும் வேண்டாம்.

பிறகுதான் உண்மையான பரிசோதனை. 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டினோம். அது சுமார் 4.5 ஆம்பியர் இழுக்கும். காலை 8 மணிக்கு மாட்டி, அரை மணிக்கு ஒரு தரம் வோல்டேஜை நோட்டில் எழுதினோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் முறை வைத்து எழுதினார்கள். மாலை நாலரைக்கு 11 வோல்ட்டைத் தொட்டது, கழற்றிவிட்டோம். எட்டரை மணி நேரத்தை 4.5ஆல் பெருக்கினால் 38. ஆக, 150 என்று அச்சடித்த பெட்டிக்குள் 38 ஆம்பியர்-ஹவர் மிச்சம், கால் பங்கு. அதிலும் பாதிக்கு மேல் தினம் எடுத்தால் சீக்கிரம் போய்விடும், எனவே கையில் 19 இருப்பதாகக் கணக்கு.

செலவுப் பக்கம்: இரண்டு 5 வாட் விளக்கு ஆறு மணி நேரம் எரிய 5 ஆம்பியர்-ஹவர். இரண்டு செல்போனுக்கு 2. மொத்தம் 7. வரவுப் பக்கம்: நம் பகுதியில் ஒரு நாளைக்குச் சுமார் ஐந்து மணி நேர முழு வெயில் கணக்கு வைக்கலாம். 2.2 ஆம்பியர் பேனல் 11 கொடுக்கும், பழைய பேட்டரியில் போட்டதெல்லாம் திரும்ப வராது என்பதால் 8 அல்லது 9 என்று வைத்துக்கொள்வோம். 7 செலவு, 8 வரவு. வெயில் இல்லாவிட்டால் இரண்டு இரவு தாங்கும். இந்தக் கணக்கை எழுதிப் பார்த்தபோது, இயற்பியலில் ஃபெயிலான ஒரு தம்பி "இதுதானா ஆம்பியர்?" என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு அது ஒரு சூத்திரமாக மட்டுமே வந்திருந்தது.

இணைப்பதில் பெரிய வித்தை ஏதுமில்லை, ஆனால் வரிசை முக்கியம். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே 10 ஆம்பியர் சார்ஜ் கன்ட்ரோலர் ஒன்று வேண்டும், கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணைக்க வேண்டும், பிறகு பேனல், கடைசியில் விளக்கு. கழற்றும்போது இதற்குத் தலைகீழ். வோல்டேஜ் இறங்கினால் விளக்கை அணைக்கும் வசதி கன்ட்ரோலரில் இருக்கும். மாற்ற முடிந்தால் பழைய பேட்டரிக்கு 11.8இல் வையுங்கள். இன்வெர்ட்டர் வேண்டாம், எல்லாமே 12 வோல்ட்டில் ஓடட்டும். இதில் ஷாக் அடிக்காது என்பதால் அலட்சியம் வரும், அதுதான் ஆபத்து. ஷாக் அடிக்காத அதே பேட்டரியின் இரண்டு டெர்மினலிலும் ஒரு ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், ஸ்பேனர் பழுக்கும். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் தொட வேண்டும். பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ் இல்லாமல் எந்த வீட்டிலும் மாட்டாதீர்கள். கீற்றுக் கூரையில் ஒரு பொறி போதும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் படுக்கும் இடத்தில் வைக்கக் கூடாது, பக்கத்தில் பீடி, அடுப்பு கூடாது. நாங்கள் குடிசைக்கு வெளியே, செங்கல் மேடை கட்டி, காற்றோட்டமான மரப்பெட்டியில் பூட்டி வைத்தோம், குழந்தைகள் கை எட்டாதபடி. உள்ளே தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், ஒருபோதும் ஆசிட் ஊற்றக் கூடாது.

கடலோரத்துக்கு இரண்டு சேர்க்கை. உப்புக் காற்றில் டெர்மினல் மூன்று மாதத்தில் பச்சை பூக்கும், துடைத்து வாசலின் தடவுங்கள். பேனலைத் தெற்குப் பார்த்து 12, 13 டிகிரி சாய்வில் வையுங்கள். ஒரு தென்னை மட்டையின் நிழல் ஓரத்தில் விழுந்தாலும் வரத்து படுத்துவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் இறக்கி வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும். அந்த வேகத்தில் பறக்கும் பேனல் கத்திக்குச் சமம்.

லித்தியம் பேட்டரியைப் பற்றி மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். 2014இல் பெங்களூரு ஐபிஎம் ஆய்வகத்தினர் தூக்கிப்போட்ட லேப்டாப் பேட்டரிகளிலிருந்து 'ஊர்ஜார்' என்ற விளக்குக் கருவியைச் செய்து, கரன்ட் இல்லாத தெருக் கடைக்காரர்கள், குடிசைவாசிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். கழித்த பேட்டரிகளில் 70 சதவீதம், தினம் நாலு மணி நேரத்துக்கு மேல் ஒரு எல்இடி விளக்கை ஒரு வருடம் எரிக்கும் தெம்போடு இருந்தன என்று அவர்கள் ஆய்வு சொன்னது. சிறுசேரியிலும் ஓஎம்ஆரிலும் ஆண்டுதோறும் எத்தனை லேப்டாப் கழிக்கிறார்கள் என்று நினைத்தால் ஆசை வரத்தான் செய்கிறது. ஆனால் அவர்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு செல்லையும் சோதித்துப் பாதுகாப்புச் சுற்றோடு செய்தார்கள். உப்பிய, நசுங்கிய, வோல்டேஜ் அடிமட்டத்துக்குப் போன ஒரே ஒரு செல் தீப்பிடித்தால் குடிசை மிஞ்சாது. ஈய பேட்டரியின் கன்ட்ரோலரை லித்தியத்துக்குப் போட்டாலும் அதே கதிதான். முதல் முறை செய்பவர்கள் தொட வேண்டாம் என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம்.

"சல்லிசாக முடியும்" என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். காயலான் கடையில் ஈயத்துக்கு நல்ல விலை. பேட்டரி எடையில் கிட்டத்தட்ட 60 சதவீதம் ஈயம். எங்கள் பேட்டரிக்கு ஐயாயிரத்தை ஒட்டிக் கொடுத்தோம். அந்தப் பணத்துக்குச் சின்னதாகப் புதிய லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியே வாங்கலாம், அது இதைவிட நீண்ட நாள் உழைக்கும். பிறகு ஏன் பழையது? அந்த ஐயாயிரம் செலவல்ல, அடமானம் மாதிரி. பேட்டரி முற்றிலும் செத்தாலும் ஈயம் ஈயமாகவே இருக்கும், எடைக்குப் போட்டால் பணம் ஏறக்குறையத் திரும்பி வரும். ஒரு சங்கமோ மாலை வகுப்போ கையில் ஐயாயிரத்தைச் சுழல வைத்தால் போதும். தனியாக ஒரு வீடு, கையில் காசு இருக்கிறது என்றால் புதியதையே வாங்கச் சொல்வோம்.

இப்போது அந்தத் தோழரின் கேள்விக்கு வருகிறோம். பழைய பேட்டரி நம்மிடம் முன்பே வந்துகொண்டுதான் இருந்தது தோழர். விளக்காக வரவில்லை, ஈயப் புகையாக வந்தது. இந்த நாட்டில் கழிவைச் சுமப்பவர், பிரிப்பவர், உடைப்பவர், உருக்குபவர் எந்தச் சாதி என்று யாரும் கணக்கெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் தெருக்களில் பார்த்தால் தெரியும். சுத்தியலால் பேட்டரியைப் பிளந்து, ஆசிட்டை மண்ணில் ஊற்றி, தகட்டை உருக்கும் கொட்டகைகளில் வேலை செய்பவரின் சட்டையில் ஒட்டிய தூசு வீட்டுக்கு வருகிறது, குழந்தையின் வாய்க்குப் போகிறது. 2020இல் யுனிசெஃப், பியூர் எர்த் அமைப்புகள் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் மூன்று குழந்தைகளில் ஒன்றின் ரத்தத்தில், சுமார் 80 கோடிக் குழந்தைகளிடம், ஈயம் கவலைக்குரிய அளவில் இருக்கிறது. இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கு மேல். முறையற்ற பேட்டரி மறுசுழற்சியை அதன் பெரும் காரணங்களில் ஒன்றாக அந்த அறிக்கை சொன்னது. ஈயம் மூளையைத் தின்கிறது, போன அறிவு திரும்பாது. நம் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று சாதியைக் காரணம் சொல்பவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை.

எனவே எங்கள் வகுப்பில் ஒரே ஒரு விதி, அதில் விவாதம் இல்லை: பேட்டரிப் பெட்டியை யாரும் உடைக்கக் கூடாது. அளப்போம், நிரப்புவோம், பயன்படுத்துவோம், செத்ததும் பதிவு பெற்ற சேகரிப்பாளரிடம் முழுதாகக் கொடுப்போம். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் செத்த பேட்டரியைத் திரும்ப எடுக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் தலையில் வைக்கின்றன. பழையதைப் புதுப்பித்து விற்பதைத் தொழிலாகச் செய்ய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு வேண்டும் என்றும் சொல்கின்றன. இதைத் தொழிலாக்க நினைக்கும் தோழர்கள் பதிவோடு தொடங்குங்கள். உடைப்பதற்கு மட்டும் நம் கை, அளப்பதற்கும் விலை சொல்வதற்கும் வேறு கை என்ற ஏற்பாட்டைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம். இந்தப் பேட்டரியை யாரும் எங்களுக்குத் தானம் தரவில்லை. கடையில் நாலு பேட்டரியை அளந்து மூன்றை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, ஒன்றைக் காசு கொடுத்து, பில் வாங்கி எடுத்து வந்தோம். மிச்சச் சோறு வாங்கும் கை வேண்டாம் என்று தள்ள முடியாது. வித்தியாசம் அங்கே இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஆனால் தோழரின் கேள்விக்குள் இன்னொரு பயம் இருக்கிறது, அது நியாயமான பயம். நாமே விளக்குப் போட்டுக்கொண்டால், அரசு "அவர்களுக்குத்தான் சோலார் இருக்கிறதே" என்று லைன் இழுக்காமல் விட்டுவிடும். அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைப் பார்த்தபோது மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. 1943 அக்டோபரில் மின் விநியோகக் கொள்கைக் குழுவில் பேசும்போது, மின்சாரம் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைக்க வேண்டும், அது இல்லாமல் தொழில்மயம் இல்லை, தொழில்மயம் இல்லாமல் இந்த நாட்டு ஏழ்மை தீராது என்று வாதிட்டார். இரண்டு எல்இடி விளக்கு அவர் கேட்ட மின்சாரம் ஆகாது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016 முதல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் கிடைக்கிறது, மீட்டர் இருந்தால். மீட்டர் இல்லாத குடிசைக்கு அந்த நூறும் இல்லை.

ஒன்றிய அரசின் 2024 கூரை சோலார் திட்டத்தையும் பாருங்கள். 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். பேட்டரி மாட்டிய குடிசைக்கு ஒரு ரூபாய் கிடையாது. அந்த மானியம் வாங்க முதலில் சொந்த வீடு வேண்டும், தாங்கும் கூரை வேண்டும், மின் இணைப்பு வேண்டும். அதாவது ஏற்கெனவே மூன்றும் இருப்பவருக்கு நாலாவதாக ஒன்று. அதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதியும் உண்டு: பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு இணைத்த சோலார், லைனில் கரன்ட் போனால் தானும் நின்றுவிடும். லைன்மேனுக்கு ஷாக் அடிக்காமல் இருக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மாண்டஸ் மாதிரி ஒரு இரவில் மூன்று கிலோவாட் கூரையும் இருட்டாகத்தான் இருக்கும்.

கூரை என்றால் பட்டா, பட்டா என்றால் நிலம். செங்கல்பட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த மாவட்டத்து கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையிலிருந்துதான் 1892 அரசாணையும் பஞ்சமி நிலமும் வந்தன. சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிற அந்த நிலம் யார் யார் கைக்குப் போனது என்று கேட்டதற்காகத்தான், காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் விட்டார்கள். மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு 2021 நவம்பர் 4, தீபாவளி நாளில் முதல்வர் நேரில் வந்து பட்டா கொடுத்தார். வரவேற்கிறோம். ஆனால் அதற்கு முன் அன்னதானப் பந்தியிலிருந்து எழுப்பப்பட்ட ஒரு நரிக்குறவப் பெண்ணின் வீடியோ ஊரெல்லாம் பரவ வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஏரிக்கரைக்கும் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

பட்டா வரும்வரை மின் இணைப்புக்குக் காத்திருக்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. 2003 மின்சாரச் சட்டம் 43ஆம் பிரிவு, இடத்தின் உரிமையாளரோ அல்லது அதில் குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் ஒரு மாதத்துக்குள் இணைப்புத் தர வேண்டும் என்கிறது. குடியிருப்பவர் என்ற அந்தச் சொல்லை அடிக்கோடிட்டு வையுங்கள். மின்சாரம் அடிப்படை வசதி, வீட்டு உரிமையாளரின் தடையின்மைச் சான்று இல்லை என்பதற்காக வாடகைக்குக் குடியிருப்பவருக்கு மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் திலீப் எதிர் சதீஷ் வழக்கில் சொன்னது. புறம்போக்கில் குடியிருப்பவருக்கு இதை வாதாடித்தான் பெற வேண்டியிருக்கும். அதற்குத்தான் சட்டம் படிக்கும் தோழர்கள் வேண்டும். எங்கள் வகுப்பில் இப்போது ஒரு வழக்கம்: எந்தக் குடிசையில் பேட்டரி இறக்குகிறோமோ, அதே நாளில் 43ஆம் பிரிவின் கீழ் அந்த வீட்டுக்கு விண்ணப்பம் எழுதி, ரசீது வாங்கிவிட வேண்டும். ரசீது இல்லாமல் ஃபியூஸ் போடுவதில்லை. பேட்டரிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் விண்ணப்ப நகலை பிளாஸ்டிக் உறையில் ஒட்டிவிடுகிறோம். தண்ணீர் ஊற்றத் திறக்கும்போதெல்லாம் எத்தனை நாள் ஆயிற்று என்று கண்ணில் படும்.

அந்தப் பேட்டரி இப்போது ஏரிக்கரையில் ஓர் ஆயாவின் குடிசைக்கு வெளியே இருக்கிறது. ஐந்து மாதத்தில் இரண்டு முறை விளக்கு அணைந்தது, இரண்டுமே கார்த்திகை மழையில் நாலு நாள் தொடர்ந்து வெயிலே எட்டிப் பார்க்காதபோது. ஒருமுறை டெர்மினல் தளர்ந்து போயிற்று, ஆயாவின் பேத்தியே இறுக்கிவிட்டாள். ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். வாரம் ஒருமுறை வோல்டேஜ் பார்த்து நோட்டில் எழுதுவது அவள் வேலை. பக்கத்துக் குடிசைகளில் உள்ளவர்கள் செல்போன் சார்ஜுக்கு வருகிறார்கள், அதனால் எங்கள் 7 ஆம்பியர்-ஹவர் கணக்கு உதைக்கிறது. இதற்கு என்ன செய்வது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல ஆயாவுக்கு மனமில்லை.

கேள்வி கேட்ட தோழர் இன்னும் எங்களோடு முழுதாக உடன்படவில்லை. பேட்டரிக்குக் கிட்டே வருவதில்லை. ஆனால் விண்ணப்பங்களை எழுதுவது அவர்தான். முதல் விண்ணப்பத்துக்கு "இடத்துக்கான ஆவணம் இணைக்கவும்" என்று பதில் வந்தது. 43ஆம் பிரிவையும் தீர்ப்பையும் இணைத்து மறுபடி அனுப்பியிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு இரண்டாவது பேட்டரியை லோடு சோதனைக்குப் போடுகிறோம். வருபவர்கள் செருப்புப் போட்டுக்கொண்டு, மோதிரத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.